அவன் குடிச்சா போதை, அவ குடிச்சா சம்மதமா?

தோழர்களே, நீளமான பதிவு. முழுசா படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க.

இது எதிரணிக்கு எழுதுற பதிவு இல்லை. நம்ம ஆளுங்களுக்கு. கல்லூரி மாணவி ஒருத்திக்கு நடந்த கொடுமையைப் பத்தி நம்ம பக்கத்துல பதிவு வரும்போதெல்லாம், கீழ வர்ற கமெண்ட்டுகளை உட்கார்ந்து படிக்கிற வேலை எங்களை மாதிரி இணைய அணித் தன்னார்வலர்களுக்கு. ஃபேக் ஐடிக்காரன் எழுதுறதை விடுங்க, அவனுக்கு அதுதான் வேலை. நம்ம கொடியை டிபியா வெச்சிருக்கிறவங்க, தலைவர் படத்தை கவர் போட்டோவா வெச்சிருக்கிறவங்க என்ன எழுதுறாங்க தெரியுமா?

"ஒண்ணா உட்கார்ந்து குடிச்சாளாம், அப்புறம் என்ன புகார்?"

"ராத்திரி அந்த நேரத்துல அங்க என்ன வேலை?"

"பொண்ணை இப்படி வளர்த்தா இப்படித்தான்."

இதுக்கு லைக் போட்டவங்க பட்டியலைப் பார்த்தா, போன வாரம் வரைக்கும் "பெண்களுக்குப் பாதுகாப்பு இல்லாத ஆட்சி"ன்னு ஹேஷ்டேக் போட்ட அதே பேருங்க. பாதுகாப்பு இல்லைன்னு ஆட்சியைத் திட்டுறதும் நாமதான், பாதுகாப்பு இல்லாம போனதுக்கு அந்தப் பொண்ணைத் திட்டுறதும் நாமதான்னா, நம்ம அரசியல்தான் என்ன?

இந்த மாதிரி கமெண்ட் நம்ம ஊர் டீக்கடையோட நின்னா பரவாயில்லை. நீதிமன்ற உத்தரவுலயே வந்துருக்கு.

நொய்டா பல்கலைக்கழகத்துல எம்.ஏ. படிக்கிற மாணவி. 2024 செப்டம்பர்ல தோழிகளோட டெல்லி ஹவுஸ் காஸ்ல ஒரு பாருக்குப் போறா. விடிகாலை 3 மணி வரைக்கும் அங்க இருக்காங்க. போதை ஏறி, துணை இல்லாம நடக்க முடியாத நிலைமை. அங்க இருந்த ஒருத்தன், என் வீட்டுல வந்து ஓய்வு எடுத்துக்கோன்னு திரும்பத் திரும்பக் கேட்கிறான். ஓய்வு எடுக்கத்தான் அவ சம்மதிச்சா. ஆனா தன்னோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாம குருகிராம்ல இருக்கிற உறவினர் ஃபிளாட்டுக்குக் கொண்டுபோய் ரெண்டு தடவை வன்கொடுமை செஞ்சான் என்பது அவளோட புகார். இல்லை, சம்மதத்தோடதான் நடந்ததுன்னு அவன் தரப்பு சொல்லுது. எது உண்மைன்னு விசாரணை சொல்லணும்.

2025 மார்ச்ல அலகாபாத் உயர் நீதிமன்றம் அவனுக்கு ஜாமீன் கொடுத்தது. ஜாமீன் கொடுத்ததுல எனக்குச் சண்டை இல்லை. விசாரணை முடியற வரைக்கும் ஆளை உள்ளேயே வெக்கணும்னு எந்தச் சட்டமும் சொல்லலை. சண்டை, கூடவே எழுதின வரியோட. அந்தப் பெண் சொல்ற குற்றச்சாட்டு உண்மைன்னே வெச்சுக்கிட்டாலும், பிரச்சனையை அவளே தேடிக்கிட்டா, அதுக்கு அவளும் பொறுப்புன்னு நீதிபதி எழுதினார். எம்.ஏ. படிக்கிறவ, அவ செயலோட ஒழுக்கமும் விளைவும் புரியாதவ இல்லைன்னும் எழுதினார்.

"உண்மைன்னே வெச்சுக்கிட்டாலும்" என்பதைக் கொஞ்சம் நின்னு பாருங்க. அவ பொய் சொல்றாளோங்கிற சந்தேகத்துல எழுதின வரி இல்லை இது. அவன் செஞ்சதே உண்மையா இருந்தாலும் பொறுப்பு அவளுக்கும் உண்டாம். அப்புறம் விசாரணை எதுக்கு, சாட்சி எதுக்கு?

அந்த ஏப்ரல்லயே உச்ச நீதிமன்றத்துல நீதிபதி பி.ஆர். கவாய் அமர்வு இதைக் கேட்டது. ஜாமீன் கொடுக்கலாம், ஆனா "தானே தேடிக்கொண்டாள்" என்கிற பேச்சு எதுக்கு, நீதிபதி இருக்கையில உட்கார்ந்து இப்படிச் சொல்லும்போது கவனம் வேணாமான்னு. நியாயமான கேள்வி. நம்ம கமெண்ட் பாக்ஸுக்கும் அதே கேள்விதான்.

இப்போ சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். "ஒண்ணா குடிச்சா சம்மதம்தான்"னு எழுதுறவங்க சட்டத்தைத் தலைகீழாப் படிச்சிருக்காங்க.

பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 63. போதையினால, தான் எதுக்குச் சம்மதிக்கிறோம், அதோட விளைவு என்னன்னு புரிஞ்சுக்க முடியாத நிலையில ஒரு பெண் "சரி"ன்னு சொன்னாலும் அது சம்மதம் இல்லை. அது பாலியல் வன்புணர்வுதான். அவன் ஊத்திக் கொடுத்தானா, அவளே வாங்கிக் குடிச்சாளாங்கிறது இங்க கேள்வியே இல்லை. இது புதுசா வந்த விஷயமும் இல்லை. 1983லயே பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல சேர்த்தாச்சு. 2013ல இன்னொரு விளக்கமும் சேர்ந்தது: சம்மதம்னா சந்தேகத்துக்கு இடமில்லாம, தானா முன்வந்து, அந்தக் குறிப்பிட்ட செயலுக்குத் தெரிவிக்கிற ஒப்புதல். சொல்லால இருக்கலாம், சைகையால இருக்கலாம். உடம்பால எதிர்க்கலைங்கிற ஒரே காரணத்தால சம்மதிச்சதா ஆகாது.

"அந்தக் குறிப்பிட்ட செயலுக்கு." பாருக்கு வந்தது பாருக்கு வர்றதுக்கான சம்மதம். பைக்ல ஏறினது பைக்ல ஏறுறதுக்கு. வீட்டுல வந்து தூங்குறேன்னு சொன்னா தூங்குறதுக்கு. இதுல எந்த இடத்துல உங்களுக்குக் குழப்பம்?

குடிச்ச ஆணைப் பத்தியும் சட்டம் பேசுது. பிரிவு 23, 24. யாராச்சும் ஏமாத்தியோ கட்டாயப்படுத்தியோ குடிக்க வெச்சிருந்தா மட்டும்தான் போதையைக் காரணமாச் சொல்ல முடியும். தானே விரும்பிக் குடிச்சவன், "போதையில என்ன பண்றேன்னே தெரியலை"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. நிதானமா இருந்து செஞ்ச மாதிரியே கணக்கு.

ஆனா ஊர் என்ன சொல்லுது? அவன் குடிச்சிருந்தா, "பாவம் பையன், போதையில ஏதோ தப்பு நடந்துபோச்சு." அவ குடிச்சிருந்தா, "குடிக்கிற பொண்ணுக்கு மானம் வேறயா." நானும் இன்ஜினியரிங் படிச்சவன்தான். ஒரே இன்புட்டுக்கு ஆளைப் பார்த்து ரெண்டு அவுட்புட் வந்தா அது தற்செயலா வர்ற பிழை இல்லை. யாரோ அப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்க.

இது இன்னைக்கு நேத்து எழுதினதும் இல்லை. 1972ல மகாராஷ்டிராவுல மதுரான்னு ஒரு பழங்குடிச் சிறுமியைக் காவல் நிலையத்துக்குள்ளயே ரெண்டு போலீஸ்காரங்க சீரழிச்சதா வழக்கு. அதுல ஒருத்தன் தலைக்கேறின போதையில இருந்தவன்னு வழக்குப் பதிவுலயே இருக்கு. கடைசியில உச்ச நீதிமன்றம் ரெண்டு பேரையும் விடுதலை செஞ்சது. டியூட்டியில இருந்த போலீஸ்காரன் ஏன் குடிச்சிருந்தான்னு கேட்க வேண்டிய நேரத்துல, அவ உடம்புல ஏன் காயம் இல்லை, ஏன் கத்தலைன்னு பேசினாங்க. நாலு சட்டப் பேராசிரியர்கள் திறந்த மடல் எழுத, நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வர, அதுக்கப்புறம்தான் மேல சொன்ன 1983 திருத்தமே வந்தது. நீங்க இன்னைக்கு அலட்சியமா ஒரு கமெண்ட்டுல தூக்கிப் போடுற சட்டம், அந்தச் சிறுமி தோத்த வழக்குல இருந்து வந்தது.

அடுத்து, நம்ம கட்சிக்காரங்க கோவிச்சுக்கக்கூடிய ஒரு விஷயம்.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் கீழ நாம ரெடிமேடா ஒரு வரி வெச்சிருக்கோம்: "எல்லாத்துக்கும் காரணம் டாஸ்மாக்." 2003ல இருந்து சில்லறை மது விற்பனையை அரசே நடத்துது. 2023-24ல மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல வருமானம். இதைக் கேள்வி கேட்கணும், கேட்டுட்டுதான் இருக்கோம். பள்ளிக்கூடம் பக்கத்துல, கோயில் பக்கத்துல, பெண்கள் நடக்கிற வழியில கடை இருக்கக் கூடாதுன்னு தெருவுல இறங்குறோம், இனியும் இறங்குவோம். ஆனா ஒருத்தன் செஞ்ச வன்கொடுமைக்கு டாஸ்மாக்தான் காரணம்னு நீங்க எழுதும்போது, அவனோட வக்கீல் சொல்ல வேண்டியதை நீங்க இலவசமாச் சொல்றீங்க. சட்டமே ஒத்துக்காத ஒரு சாக்கை அவனுக்கு எடுத்துக் கொடுக்கறீங்க. கடை முன்னாடி தினமும் எத்தனை ஆயிரம் பேர் வரிசையில நிக்கிறாங்க? அத்தனை பேருமா போய் இதைச் செய்றாங்க? குஜராத் உருவான காலத்துல இருந்தே மதுவிலக்கு மாநிலம். 2002ல பில்கிஸ் பானுவுக்கு நடந்தது அங்கதான். மதுவை எதிர்க்க ஆயிரம் நல்ல காரணம் இருக்கு. குற்றவாளிக்கு நிழல் கொடுக்கிற இந்தக் காரணம் வேண்டாம்.

இதே சாக்கை அமெரிக்காவுலயும் பார்த்தாங்க. 2015 ஜனவரி, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். ஒரு பார்ட்டி முடிஞ்சு நினைவே இல்லாம தரையில கிடந்த பெண்ணை பிராக் டர்னர்ங்கிற மாணவன் வன்கொடுமை செய்றான். சைக்கிள்ல வந்த ரெண்டு ஸ்வீடன் மாணவர்கள் பார்த்து, துரத்திப் பிடிச்சு, போலீஸ் வர்ற வரைக்கும் அமுக்கி வெச்சாங்க. நீதிமன்றத்துல அவன் தரப்பு என்ன பேசிச்சு? கேம்பஸ் குடிப் பழக்கம், பார்ட்டி கலாசாரம். என்னமோ பாட்டில் எழுந்து போய்ச் செஞ்ச மாதிரி. 6 மாசம் தண்டனை, 3 மாசத்துல வெளியே வந்துட்டான். மக்கள் விடலை. அந்தத் தண்டனை கொடுத்த நீதிபதி ஆரன் பெர்ஸ்கியை 2018ல ஓட்டுப் போட்டு பதவியில இருந்தே இறக்கினாங்க. நினைவில்லாத பெண்ணை வன்கொடுமை செஞ்சா கட்டாயச் சிறைன்னு கலிஃபோர்னியா சட்டத்தையே மாத்தினாங்க. வருஷக்கணக்கா பேர் சொல்லாம இருந்த அந்தப் பெண், ஷானல் மில்லர், 2019ல தானா முன்வந்து தன் பேரைச் சொன்னாங்க.

அந்த ரெண்டு சைக்கிள் பசங்களும் நம்ம வயசுதான். அவ குடிச்சிருந்தாளா, ஏன் குடிச்சான்னு அவங்க கேட்டுட்டு நிக்கலை.

சரி, குடிச்சாத்தான் இந்தப் பேச்சா? குடிக்காத பொண்ணா இருந்தா விட்டுடறோமா?

2024 டிசம்பர் 23, கிண்டி அண்ணா பல்கலைக்கழகம். வளாகத்துக்குள்ள நண்பனோட பேசிட்டு இருந்த மாணவி. மது இல்லை, பார் இல்லை, படிக்கிற காலேஜோட காம்பவுண்டுக்குள்ள. வெளியில இருந்து உள்ள வந்த ஞானசேகரன் அந்தப் பையனை மிரட்டி விரட்டி, வீடியோவைக் காட்டி மிரட்டி, அவளைச் சீரழிச்சான். நாடே பார்த்துச்சு. ஆனா முதல் கேள்வி என்ன வந்துச்சு? "ராத்திரி இருட்டுல பையனோட அவளுக்கு என்ன வேலை?" அதோட நிக்கலை. அவ அடையாளம் தெரியற மாதிரி எஃப்.ஐ.ஆரே வெளியே கசிஞ்சது. அதுல எழுதியிருந்த நடையே பாதிக்கப்பட்டவளைக் குத்தம் சொல்ற மாதிரி இருக்குன்னு சென்னை உயர் நீதிமன்றம் கண்டிச்சது. மூணு பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளை வெச்சு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைச்சது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது.

எஃப்.ஐ.ஆர். கசிஞ்சது யார் தப்புங்கிறது ஒரு பக்கம். கசிஞ்சதை ஃபார்வேர்ட் பண்ணது யாரு? எல்லாக் கட்சி வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்துச்சு. பாதிக்கப்பட்டவளோட அடையாளத்தை வெளியிட்டா பிரிவு 72ன் கீழ 2 வருஷம் வரை சிறை. பொள்ளாச்சி வழக்குலயும் 2019ல இதே கதை. புகார் கொடுத்த பெண்ணோட பேரைக் காவல்துறையே வெளியே விட்டுச்சு, அதுக்கும் நீதிமன்றம் 25 லட்சம் கொடுக்கச் சொல்லிச்சு. ஒரு தடவை பட்டும் திருந்தலை.

பொள்ளாச்சியையும் அண்ணா பல்கலைக்கழகத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டுலயும் ஆயுதம் ஒண்ணேதான். கத்தி இல்லை, கேமரா. "வெளியே விட்டுடுவேன்." இந்த மிரட்டல் எப்படி வேலை செய்யுது? வீடியோ வெளியே வந்தா அசிங்கப்பட வேண்டியது அவன்தானே? குற்றம் செஞ்சவன் தன் குற்றத்துக்குத் தானே சாட்சி எடுத்து வெச்சுக்கிட்டு, அதைக் காட்டியே அவளைப் பயமுறுத்த முடியுதுன்னா என்ன அர்த்தம்? வெளியே வந்தா ஊரு அவளைத்தான் காறித் துப்பும்னு அவனுக்கு நல்லாத் தெரியும். அப்பா அடிப்பாரு, காலேஜ் டி.சி. கொடுக்கும், சொந்தக்காரன் சிரிப்பான், ஃபேஸ்புக்ல நாலு பேர் "அங்க என்ன வேலை"ன்னு எழுதுவான். அந்த நாலு பேரை நம்பித்தான் அவன் கேமராவை எடுக்கிறான். அந்த நாலு பேர்ல ஒருத்தர் நம்ம கொடியோட டிபியில இருக்காரு என்பதுதான் என் கோபம்.

அந்த மாணவி அதையும் மீறிப் புகார் கொடுத்தா. அதனாலதான் 2025 மே 28ல அவன் குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு. ஜூன் 2ல ஆயுள் தண்டனை, 30 வருஷத்துக்குக் குறையாம, எந்தச் சலுகையும் இல்லாம. பொள்ளாச்சியில 9 பேருக்கும் சாகும் வரை ஆயுள், அதே மே மாசம் 13ம் தேதி. ரெண்டும் பெண்கள் வாயைத் திறந்ததால கிடைச்சது. அடுத்தவ வாயைத் திறப்பாளா மாட்டாளாங்கிறது, இவளைப் பத்தி நீங்க என்ன எழுதினீங்கன்னு அவ படிச்சதுல இருக்கு. அவ படிக்கிறா, தோழர். சத்தமில்லாம உங்க கமெண்ட்டை ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போறா.

2025 நவம்பர்ல கோயம்புத்தூர் விமான நிலையம் பக்கத்துல ஒரு கல்லூரி மாணவியை மூணு பேர் தூக்கிட்டுப் போனப்பவும் "11 மணிக்கு கார்ல என்ன வேலை"ன்னுதான் ஆரம்பிச்சாங்க. கூட இருந்த பையனை வெட்டிப்போட்டவனுங்களை நேரம் பார்த்துட்டு வந்தியான்னு யாரும் கேட்கலை.

ராத்திரிதான் பிரச்சனை, வெளியே போறதுதான் பிரச்சனைன்னு இன்னும் நம்புறவங்க நம்ம ஊருக்கே வாங்க. மாங்காடு. 2021 டிசம்பர். 11ம் வகுப்புப் படிச்ச ஒரு பொண்ணு, பாலியல் தொல்லை தாங்க முடியாம உயிரை விட்டா. பார் இல்லை, பார்ட்டி இல்லை, குடி இல்லை. கடைசியா எழுதி வெச்சுட்டுப் போன தாளுல, பாதுகாப்பான இடம் தாயோட கருவறையும் கல்லறையும்தான்னு எழுதியிருந்தா. பெண்களை மதிக்கணும்னு பெத்தவங்க ஒவ்வொருத்தரும் மகனுக்குச் சொல்லிக் கொடுக்கணும்னும் எழுதியிருந்தா. அந்த வழக்குல போக்சோவுல கைதானது 21 வயசுக் கல்லூரி மாணவன். அவ என்ன தப்புப் பண்ணான்னு சொல்லுங்க பார்ப்போம், எந்த நேரம், எந்த டிரெஸ், எந்தப் பாட்டில்? (தனியா தவம் இருந்த காமாட்சியைக் கும்பிட ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோட வர்ற ஊர் இது. அவளை யாரும் தனியா ஏன் வந்தேன்னு கேட்டதில்லை.)

"அப்போ பொண்ணுங்களுக்கு ஜாக்கிரதையா இருன்னு சொல்றதே தப்பா?" இந்தக் கேள்வி வரும், தெரியும். தப்பு இல்லை. என் தங்கச்சி லேட் ஆச்சுன்னா நானே குமணன்சாவடி ஸ்டாப்புக்கு வண்டி எடுத்துட்டுப் போறேன். ஜாக்கிரதைங்கிறது நடக்கிறதுக்கு முன்னாடி அக்கறையா சொல்றது. நடந்து முடிஞ்ச அப்புறம், போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல அழுதுட்டு நிக்கிறவகிட்ட அதையே சொன்னா அதுக்குப் பேர் வேற. கடையில நல்லா ஏத்திட்டு வர்ற ஒரு அண்ணன்கிட்ட இருந்து ரோட்டுல செல்போனையும் பர்ஸையும் அடிச்சுட்டாங்கன்னு வைங்க. ஸ்டேஷன்ல "நீ ஏன்யா குடிச்ச, நீயா கூப்பிட்டுக் கொடுத்த மாதிரிதானே"ன்னு கேட்டா ஒத்துப்பீங்களா? அடுத்த நிமிஷம் நம்ம பகுதிச் செயலாளருக்குப் போன் அடிப்பீங்க. பர்ஸுக்கு இருக்கிற நியாயம் பொண்ணுக்கு இல்லையா?

"பொய்ப் புகார் கொடுத்தா?" விசாரணை எதுக்கு இருக்கு? பொய்யான்னு அங்க தெரியட்டும். சட்டப்படி அவளோட நடத்தை, அவளோட பழைய உறவு எதுவும் சம்மதத்தை நிரூபிக்கிற சாட்சி ஆகாது. நீதிமன்றமே எடுத்துக்கக் கூடாத சாட்சியை வெச்சு கமெண்ட்டுல தீர்ப்பு எழுதாதீங்க.

காலேஜ் படிக்கிற தம்பிங்களுக்குத் தனியா ஒண்ணு. கூட இருக்கிற பொண்ணு நிதானத்துல இல்லைன்னா உனக்கு அங்க ஒரே ஒரு வேலைதான். அவ தோழிக்குப் போன் பண்ணு, வண்டி புக் பண்ணு, வீடு சேர்ந்தாளான்னு பாரு. "அவளுக்கும் ஓகேதான்னு நினைச்சேன்" என்பது காலையில எடுபடாது. ஒரு கிளாஸ் குடிச்சாலே சம்மதம் செல்லாதான்னு சட்டப் புள்ளியைத் தேடாத. அவளுக்குப் புரியுதான்னு உனக்கே சந்தேகம் வந்தா அங்கயே நிறுத்து.

பூந்தமல்லி, குன்றத்தூர், திருமழிசை வழியா தினமும் எத்தனை காலேஜ் பஸ் போகுதுன்னு நமக்குத் தெரியும். ஒவ்வொரு காலேஜ்லயும் பாலியல் புகாருக்கு உள் குழு இருக்கணும்னு 2013 சட்டமும் 2015 யு.ஜி.சி. விதிகளும் சொல்லுது. உங்க காலேஜ்ல அந்தக் குழுவுல யார் யார் இருக்காங்க, நம்பர் என்ன, நோட்டீஸ் போர்டுல இருக்கான்னு பார்த்து நம்ம மாணவர் அணிக்குச் சொல்லுங்க. இல்லைன்னா கேட்டு வாங்குவோம். இன்னொரு கோரிக்கையும் வைப்போம்: புகார் கொடுக்கிற மாணவி அன்னைக்கு ஹாஸ்டல் ரூல் மீறினா, குடிச்சிருந்தான்னு காரணம் காட்டி அவ மேல நடவடிக்கை எடுக்கக் கூடாது. அந்தப் பயத்துலதான் பாதிப் புகார் ஹாஸ்டல் ரூமுக்குள்ளயே செத்துப் போகுது.

நடந்துட்டா: முதல்ல ஆஸ்பத்திரி. அரசு, தனியார் எதுவா இருந்தாலும் உடனே இலவசமா சிகிச்சை கொடுத்தே ஆகணும், எஃப்.ஐ.ஆர். கொண்டுவான்னு சொல்லக் கூடாது. ரத்தத்துல இருக்கிற மதுவோ மயக்க மருந்தோ சில மணி நேரத்துல குறைஞ்சுடும், அதனால தாமதிக்காம சாம்பிள் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. குளிக்க வேண்டாம், துணியைத் துவைக்க வேண்டாம். எந்த ஸ்டேஷன்ல வேணும்னாலும் புகார் கொடுக்கலாம், "எங்க எல்லை இல்லை"ன்னு திருப்பி அனுப்ப முடியாது. பெண்கள் உதவி எண் 181. அவசரம் 112. வீடியோ, போட்டோ வெச்சு மிரட்டினா 1930.

கடைசியா, பக்கத்தோட விதி. இன்னைக்கு ராத்திரியில இருந்து, பாதிக்கப்பட்டவங்க பேர், படம், காலேஜ், எஃப்.ஐ.ஆர். காப்பி எது போட்டாலும் நீக்கப்படும், போட்டவர் பிளாக். "அங்க என்ன வேலை" வகையறா கமெண்ட்டும் அப்படித்தான். எந்தப் பொறுப்புல இருந்தாலும், எத்தனை வருஷக் கட்சிக்காரரா இருந்தாலும். புகார் சொல்லணும்னா இன்பாக்ஸ்ல வாங்க, ராத்திரி 12 மணி வரைக்கும் இருப்போம்.

— இணைய அணி, மாங்காடு